டிக்டேட்டர்: கேட்டவர்களும் பதிலும்

கேள்வி: சார், சர்வாதிகாரியைக் குறிக்கும் டிக்டேட்டருக்கும் பள்ளிக்கூட டிக்டேஷனுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: ஒரே வேர்தான். லத்தீனில் டிக்டாரே என்றால் ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதுவது, கட்டளையிடுவது. டிக்டேட்டர் சொன்னதை ரோமே கேட்டாக வேண்டும்.

கேள்வி: ரோமில் அது சட்டப்படியான பதவியாமே? நம்பவே முடியவில்லை.

பதில்: நம்புங்கள். ரோமக் குடியரசில் ஆண்டுதோறும் கான்சல்கள் என்ற இரண்டு ஆட்சித் தலைவர்கள். ஒருவர் முடிவை மற்றவர் தடுக்கலாம். எதிரி வாசலில் நிற்கும்போது இந்த இழுபறி உதவாது. அப்போது செனட் என்ற மூத்தோர் சபை கேட்டுக்கொள்ள, கான்சல் ஒருவர் டிக்டேட்டரை நியமிப்பார், அதுவும் ராத்திரியில், சத்தமில்லாமல். அவருக்கு முன்னால் கோடரி செருகிய பிரம்புக் கட்டுகளோடு 24 காவலர்கள் நடப்பார்கள். அதிகபட்சம் 6 மாதம், அதற்குள் வேலையை முடித்து இறங்கிவிட வேண்டும்.

வேலை எப்போதும் போர்தான் என்றில்லை. கி.மு. 363இல் கொள்ளைநோய் தணியட்டும் என்று ஜூபிடர் கோயிலில் சடங்காக ஆணி அடிக்கவே மான்லியஸ் என்பவரை டிக்டேட்டராக்கினார்கள். மனிதர் ஆணியை அடித்துவிட்டுச் சும்மா இருக்காமல் போருக்கு ஆள் திரட்டக் கிளம்பினார். எதிர்ப்பு வலுத்துப் பதவி விலக வேண்டியதாயிற்று!

கேள்வி: ஏர் உழுதுகொண்டிருந்தவரை டிக்டேட்டராகக் கூப்பிட்ட கதை?

பதில்: சின்சினாட்டஸ், கி.மு. 458. எதிரியை வென்று 16ஆம் நாளே பதவியைத் துறந்தார் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. அவர் எழுதியதோ 400 ஆண்டுகளுக்குப் பிறகு. கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

கேள்வி: பிறகு ஏன் வசைச்சொல்லாகிவிட்டது?

பதில்: அந்த 6 மாதக் கெடுவை நீக்கியதால். கி.மு. 82இல் சுல்லா என்ற தளபதி காலவரம்பே இல்லாமல் பதவியைப் பிடித்தார். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலைப் பொது இடத்தில் எழுதி ஒட்டினார். ஜூலியஸ் சீசர் முதல் தடவை 11 நாள்தான் இருந்தார். பிறகு 10 ஆண்டு என்றார், கி.மு. 44இல் ஆயுள் முழுக்க என்றார். அந்த ஆண்டு மார்ச் 15இல் அவரைக் குத்திக் கொன்றார்கள். பதவியையே சீசரின் கூட்டாளி மார்க் ஆண்டனி சட்டம் போட்டு ஒழித்தார்.

கேள்வி: டைரண்ட், டெஸ்பாட் எல்லாம் இதேதானா?

பதில்: இன்றைய பேச்சில் கலந்துவிட்டன. ஆனால் கொடுங்கோல் மன்னரை ஆங்கிலத்தில் டைரண்ட் என்பார்கள், டிக்டேட்டர் என்பது அபூர்வம். டெஸ்பாட் கிரேக்கத்தில் வீட்டு எஜமான். பைசாந்தியப் பேரரசில் அது கௌரவப் பட்டம், பேரரசரின் நெருங்கிய உறவினர்களுக்குக் கிடைத்தது.

கேள்வி: ஹிட்லர் தன்னை டிக்டேட்டர் என்று சொல்லிக்கொண்டாரா?

பதில்: அவருடைய பட்டம் ஃபியூரர், இத்தாலியின் முசோலினிக்கு டூச்சே, இரண்டுக்கும் தலைவர் என்றே பொருள். 19ஆம் நூற்றாண்டில் டிக்டேட்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம் கிடையாது. 1860இல் சிசிலியில் இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டி டிக்டேட்டர் என்றே பட்டம் சூட்டிக்கொண்டார். 1898 மே மாதம் பிலிப்பைன்ஸில் விடுதலைப் போராட்டத் தலைவர் அகினால்டோ அமைத்த அரசின் பெயரே டிக்டேட்டர் அரசு. ஜூனிலேயே அதைப் புரட்சி அரசு என்று மாற்றிவிட்டார்.