வறண்ட காற்றில் பாடுகிறவர்கள் எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: தூசும் வறட்சியுமான பருவம் வந்தாலே மேல் ஸ்தாயியில் குரல் பிசிறு தட்டுகிறது. காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர் வாங்கலாம் என்று பார்த்தால் கைக்கடக்கமான யூ.எஸ்.பி வகையிலிருந்து பெரிய தொட்டி வைத்தது வரை கிடக்கிறது. என் அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர். எதை வாங்குவது?

பதில்: முதலில் ஹ்யூமிடிஃபையரே வேண்டாம், ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். அறையின் ஈரப்பதம் ஏற்கெனவே 45 சதவீதம் இருந்தால் உங்கள் பிரச்சினை வறட்சி அல்ல, தூசு. அதற்கு வாங்க வேண்டிய கருவியே வேறு.

மலிவான ஹைக்ரோமீட்டர்கள் ஐந்து புள்ளி கூடக் குறையக் காட்டுவது சகஜம். சரிபார்ப்பது சுலபம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக வைத்து மூடி, 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றிருக்கும். கருவி 70 காட்டினால், இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. கூரை உயரம் 2.7 மீட்டர் என்றால் அறையில் சுமார் 38 கன மீட்டர் காற்று. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவி தாங்கும். 25 சதவீதத்திலிருந்து 45-க்கு உயர்த்த, கன மீட்டருக்கு 4.6 கிராம், மொத்தம் ஏறத்தாழ 175 மி.லி. தண்ணீர். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சாத்திய அறையிலும் இடுக்குகள் வழியே மணிக்குப் பாதிக் காற்று மாறுகிறது என்று வைத்தால், மணிக்கு 90 மி.லி. வெளியே போய்க்கொண்டே இருக்கும். மெத்தையும் திரைச்சீலையும் தம் பங்குக்கு உறிஞ்சும். ஆக, எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஒரு லிட்டர் நிச்சயம் வேண்டும். மணிக்கு 200 முதல் 300 மி.லி. வரை வெளியிடும், 2 முதல் 3 லிட்டர் தொட்டியுள்ள கருவி போதும். மணிக்கு 30 மி.லி. தரும் யூ.எஸ்.பி கிண்ணம் இடுக்கு வழியே போவதைக்கூட ஈடுகட்டாது. பெட்டியில் ‘இத்தனை சதுர அடிக்கு’ என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, ‘மி.லி./மணி’ எண்ணைத் தேடிப் படியுங்கள்.

வகை என்று பார்த்தால், தூசு பிரச்சினை உள்ளவர்களுக்கு எவாப்பரேட்டிவ் வகையே எங்கள் தேர்வு. ஈரத் திரியின் ஊடே விசிறி காற்றை ஊதும். தண்ணீரிலுள்ள உப்புகள் திரியிலேயே தங்கிவிடும். ஈரப்பதம் ஏற ஏற ஆவியாவதும் தானே குறையும் என்பதால் அளவு மீறுவது அரிது. விசிறிச் சத்தம் இருக்கும். திரியை அவ்வப்போது மாற்ற வேண்டும். அல்ட்ராசோனிக் வகை சத்தம் போடாது, ஆனால் தண்ணீரை உப்போடு சேர்த்துப் பொடித் துளிகளாக வீசும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரை 2 லிட்டர் ஊற்றினால், 600 மில்லிகிராம் வெள்ளைத் தூள் காற்றில் கலக்கும். அதை வாங்கினால் டிஸ்டில்டு தண்ணீரோ ஆர்.ஓ தண்ணீரோதான் ஊற்ற வேண்டும். சிக்கனம் என்று ஆர்.ஓ-வின் கழிவுநீரை ஊற்றுகிறவர்களும் உண்டு; அதில்தான் உப்பு இன்னும் அதிகம்.

எந்த வகையானாலும் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை அலசுங்கள். தொட்டியின் உட்புறத்தை விரலால் தடவினால் வழுவழுப்பு இருக்கக் கூடாது. ஆகவே கை உள்ளே போகாத குறுகிய வாய்த் தொட்டி வேண்டவே வேண்டாம். 40 முதல் 50 சதவீதம் போதும். 60-ஐத் தாண்டவிட்டால் பூஞ்சையும் தூசுப் பூச்சியும் குடியேறும்.

கேள்வி: ஹ்யூமிடிஃபையரைப் போட்டதும் பக்கத்தில் இருக்கும் ஏர் ப்யூரிஃபையரின் விளக்கு சிவப்பாகிவிடுகிறது. எந்தக் கருவி பழுது?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே பழுதில்லை. உங்களுடையது அல்ட்ராசோனிக் வகையாக இருக்கும். ப்யூரிஃபையரின் சென்சாருக்கு நீர்த்துளி எது, தூசு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்து, ஒரு நாள் டிஸ்டில்டு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ப்யூரிஃபையர் காட்டும் தூசு அளவு நன்றாக இறங்கினால், அதுவரை நீங்கள் சுவாசித்தது உங்கள் குழாய்த் தண்ணீரின் உப்பை.

ப்யூரிஃபையர் இன்னும் வாங்காதவர்களுக்கு: நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக, சி.ஏ.டி.ஆர் எண் (மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பது) தெளிவாகப் போட்டதாகப் பாருங்கள். மேலே சொன்ன 14 சதுர மீட்டர் அறைக்கு மணிக்கு 170 கன மீட்டர் குறைந்தபட்சம். ஆனால் அந்த எண் முழு வேகத்துக்கு உரியது. அந்த இரைச்சலில் சாதகமும் செய்ய முடியாது, தூங்கவும் முடியாது. இரட்டிப்புத் திறனுள்ளதை வாங்கிக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். அயனைசர் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள்; சில கருவிகளில் அது ஓசோனை உண்டாக்கும், ஓசோன் தொண்டையில் எரிச்சலை உண்டாக்கும்.

கேள்வி: கச்சேரிக்கு முன் தொண்டை மிட்டாய், ஸ்ப்ரே, வெந்நீர்... எது குரல் நாணுக்கு நேரடியாக இதம் தரும்?

பதில்: எதுவுமே தராது. விழுங்குவது எல்லாம் உணவுக்குழாய்க்குப் போகிறது; குரல் நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். ஒரு சொட்டு அங்கே போனாலும் புரையேறி இருமித் தள்ளிவிடுவீர்கள். குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலந்து, உடல் முழுக்க ஈரம் சேர்ந்து, அதன் பிறகுதான் நாணுக்கும் பலன் கிடைக்கும். மேடையில் குடிக்கும் மடக்கு வாயை மட்டுமே நனைக்கும். காலையிலிருந்தே சிறுகச் சிறுகக் குடித்து வருவதுதான் வழி. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள்.

மிட்டாயால் பலனே இல்லை என்பதல்ல. எச்சில் ஊறும், கமறல் அடங்கும், அடிக்கடி செருமுவது நிற்கும். செருமும்போது இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று அறைபடுகின்றன என்பதால் அதுவே நல்ல லாபம். கிளிசரின் அல்லது பெக்டின் உள்ளதாக, சர்க்கரையில்லாததாக வாங்குங்கள். மென்தால் குளிர்ச்சி போன்ற உணர்வைத்தான் தருகிறது, ஈரத்தை அல்ல; சிலருக்குத் தொண்டை இன்னும் காய்ந்த மாதிரி ஆகும். அட்டையின் பின்புறம் ‘பென்சோகைன்’ அல்லது ‘லிடோகைன்’ என்று இருந்தால் பாடுவதற்கு முன் தொடாதீர்கள். அவை மரத்துப்போகச் செய்பவை. வலிக்கிறது, நிறுத்து என்று தொண்டை சொல்வது உங்களுக்குக் கேட்காமல் போகும்.

கேள்வி: ஸ்டீமரா, திரவத்தை மூச்சில் இழுக்கும் நுண்துளிகளாக்கும் நெபுலைசரா?

பதில்: நேராக நாணின் மேல் ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இந்த இரண்டுதான், மூச்சோடு போவதால். வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்டீமர் போதும்: வெறும் தண்ணீர், 5 முதல் 10 நிமிடம், முகத்தில் சூடு உறைக்காத தூரம். தைலம் எதுவும் சொட்டக் கூடாது. கவிழ்ந்தால் கொட்டாதபடி அடிப்பாகம் அகலமான கருவியைப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் ஆவி பிடிப்பதில் பெரிய ஆபத்தே வெந்நீர் மடியில் கவிழ்வதுதான்.

அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு, உள்ளங்கையில் அடங்கும் மெஷ் நெபுலைசர் நல்லது. அதில் ஊற்ற வேண்டியது 0.9 சதவீத ஸ்டெரைல் உப்புநீர். ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் வரும். 3 முதல் 5 மி.லி. விட்டு, வாய் வழியே மெதுவாக இழுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழல் சுருங்கி இருமல் வரலாம். வீட்டில் கரைத்த உப்புநீரும் கூடாது, அது கிருமியற்றது அல்ல. முடிந்ததும் டிஸ்டில்டு தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் ஓட்டாவிட்டால், உப்பு காய்ந்து மெஷ்ஷின் நுண்துளைகளை அடைத்துவிடும். ‘வாங்கிச் சில வாரத்திலேயே புகை வரவில்லை’ என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் நெபுலைசர் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: தூசு நிறைந்த சாலையில் இரு சக்கர வாகனத்தில் ஒத்திகைக்குப் போகிறேன். துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதாது. என்-95 அல்லது எஃப்.எஃப்.பி-2 வாங்குங்கள். போட்டுக்கொண்டு பலமாக ஊதினால் மூக்கின் ஓரமோ கன்னமோ காற்றை உணரக் கூடாது; தாடி இருந்தால் எந்த மாஸ்கும் ஒட்டாது. துவைத்தால் வடிகட்டும் இழைகளின் மின்னேற்றம் போய்விடும். பிறகு அதுவும் துணி மாஸ்கும் ஒன்றுதான். கார்பன் அடுக்கு என்று கூடுதல் விலை சொன்னால், அது வாடைக்கு, தூசுக்கு அல்ல.

வீடு சேர்ந்ததும் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம். கொதிக்கவைத்து ஆறவைத்த 250 மி.லி. தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. நேராகக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தும், தும்மலுக்கு மாத்திரையும் கடையில் தாங்களே எடுத்துத் தருகிறார்கள். பாடுகிற நாளில் எடுக்கலாமா?

பதில்: ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகளை மூன்று நாளுக்கு மேல் நீட்டினால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் சளியோடு தொண்டையின் ஈரத்தையும் சேர்த்து வற்றவைக்கும், தூக்கமும் வரும். குரல் கம்மியிருக்கும்போது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு பாட வேண்டாம். நாணில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று நின்றுபோனால் அன்றே காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போங்கள். கரகரப்பு நான்கு வாரத்தைத் தாண்டினால், லேரிங்கோஸ்கோப்பியில் நாணை நேரில் பார்க்காமல் எழுதித் தரும் மருந்தை வாங்காதீர்கள்.