அப்பாவின் மஞ்சள் லென்ஸை விற்றுவிடாதீர்கள்

கேள்வி: அண்ணா, அப்பா 1978-இல் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமரா வீட்டில் இருக்கிறது. கேமரா ஓடவில்லை. அதிலுள்ள சூப்பர் டாகுமார் 50 மி.மீ. 1.4 லென்ஸை என் சோனி ஏ6400-இல் மாட்ட ஆசை. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருக்கும் நண்பன், நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாவிட்டால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது என்கிறான். லென்ஸ் வேறு மஞ்சளாகிவிட்டது. கடைக்காரர் ‘கண்ணாடி போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடு’ என்றார். கதிரியக்கம் உள்ள லென்ஸ் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, முதலில் அந்த லென்ஸை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கெட்டுப்போன லென்ஸ் இல்லை, வயதான லென்ஸ்.

நண்பர் சொன்னது அவருடைய கேமராவுக்குச் சரி. உங்கள் லென்ஸ் எம்42 என்ற திருகு மரை வகை, அதாவது 42 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. அது ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்காரும்படி செய்யப்பட்டது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் மாட்டும் இடமே சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரில் தூரக் காட்சி கைவிட்டுப் போய்விடும், அதனால்தான் அவருக்கு நடுவில் கண்ணாடி தேவைப்படுகிறது. உங்கள் சோனியில் இந்தத் தூரம் வெறும் 18 மி.மீ. மீதி 27.46 மி.மீட்டரை நிரப்ப ஓர் உலோக வளையம் போதும், அதுதான் உங்களுக்கு அடாப்டர். எம்42-இலிருந்து சோனி இ-மவுண்டுக்கு (உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயின் பெயர்) என்று கேட்டு, உள்ளே கண்ணாடி இல்லாததாகவே வாங்குங்கள். மட்டமான கண்ணாடி நடுவில் புகுந்தால் நல்ல லென்ஸும் மங்கலாகத்தான் எடுக்கும்.

இனி மஞ்சள். ஒளியை நன்றாக வளைக்கவும் வேண்டும், நிறங்கள் பிரிந்து ஓரத்தில் கசியவும் கூடாது என்பதற்காக, அந்தக் காலத்தில் சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்தார்கள். சூப்பர் டாகுமார் 50 மி.மீ. 1.4-இன் முதல் வடிவத்தில் அது கிடையாது, பிறகு வந்தவற்றில் உண்டு. அந்தத் தோரியத்தின் கதிர்வீச்சு பல வருடங்களில் கண்ணாடியையே மஞ்சளாக்கிவிடுகிறது. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், லேசான டீ டிகாஷன் நிறம் ஒரே சீராகத் தெரிந்தால் இதுதான் காரணம். எவ்வளவு துடைத்தாலும் போகாது, ஆனால் புற ஊதா ஒளி பட்டால் போகும். நகப்பூச்சு காயவைக்கும் சிறிய எல்.இ.டி. யூ.வி. விளக்கு இருக்கிறதே, அதன் கீழே பின்பக்கக் கண்ணாடி மேலே தெரியும்படி லென்ஸை வைத்து, அடியில் அலுமினியத் தாளை விரித்துவிடுங்கள். நடுநடுவே அணைத்து ஆறவிட்டு, பொறுமையாகச் செய்யுங்கள். நாள் கணக்கில் ஆகும், சில லென்ஸுக்கு வாரத்தையும் தாண்டும். எரியும் விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். மொட்டைமாடி வெயிலில் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், லென்ஸ் என்பது பூதக்கண்ணாடிதான், பக்கத்தில் துணியோ காகிதமோ இருந்தால் பற்றிக்கொள்ளும், நம் ஊர் மே மாத வெயிலில் உள்ளே இருக்கும் கிரீஸும் இளகி, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபர்ச்சர் இதழ்களில் வந்து ஒட்டும்.

கதிரியக்கம் பற்றிய பயமும் அந்தத் தோரியத்தால் வந்ததுதான். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் கவலைப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. கண்ணாடியைத் தேய்க்கவோ உரசவோ கூடாது, உடைந்தால் அந்தத் தூளை மூச்சில் இழுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. அடாப்டர் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். லென்ஸின் பின்பக்கம் ‘ஆட்டோ–மேனுவல்’ என்று ஒரு சின்னத் தள்ளுவிசை இருக்கும், அதை மேனுவலில் வைத்து, அபர்ச்சரை 1.4-க்கு, அதாவது முழுக்க, திறந்து, இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசு, அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. சிலந்தி வலை மாதிரி, செடியின் சல்லிவேர் மாதிரி கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே பிரிக்க வேண்டாம். நாள்பட்டால் பூஞ்சையிலிருந்து வரும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், அந்தத் தடம் அப்புறம் போகாது.

எல்லாம் சரியாக இருந்தால், மாட்டியதும் கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ரிலீஸ்’ என்பதை அனுமதியுங்கள், இல்லையென்றால் ஷட்டர் விழாது. தள்ளுவிசை மேனுவலிலேயே இருக்கட்டும். ‘ஏ’ மோடில் வையுங்கள், அபர்ச்சர் உங்கள் கையில், ஷட்டர் வேகம் கேமரா கையில். உங்கள் சென்சார் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலக் காட்டும், முகம் எடுக்க அருமையான அளவு. ஏ6400-இன் உடலுக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இல்லை, அதனால் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் ஆன ஓரங்களை நிறத்தில் காட்டும் பீக்கிங்கை மட்டும் நம்பாமல், காட்சியைப் பெரிதாக்கி, கண்ணின் இமை முடியில் ஃபோகஸ் நிற்கிறதா என்று பாருங்கள். முதலில் அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்துப் பழகுங்கள். 1.4-இல் படத்தில் மெல்லிய பனி படர்ந்த மாதிரி ஒரு மினுக்கம் இருக்கும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். 2.8-க்கு வந்தால் நன்றாகத் தெளிந்துவிடும்.

உங்கள் ஊர் சில்வர் பீச்சில் விடியற்காலையில் எடுக்கப் போவீர்கள், தெரியும். சூரியன் கடலிலிருந்து நேராக முகத்துக்கு எதிரே எழும்பும், பழைய பூச்சு அதைத் தாங்காமல் படம் முழுக்க வெளுத்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க 49 மி.மீ. ரப்பர் ஹூட் ஒன்று வாங்கி மாட்டுங்கள், சூரியன் படத்துக்குள்ளேயே இருந்தால் அதுவும் உதவாது, கிளம்பும்போது உப்புக்காற்று பட்ட வெளிப்பக்கத்தை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

புதுச்சேரியில் நான் வைத்திருந்த 135 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஒரே ஒரு ஐப்பசி மழையில் இழந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அதன் தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தபோது முன்கண்ணாடி முழுக்க வெள்ளை வேர். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது போதும். நீங்கள் ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு, கூடவே சின்ன ஈரப்பதமானி ஒன்றை வைத்து, முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அப்பாவின் தோல் உறை இருந்தால் அதை அந்த டப்பாவுக்குள் வைக்காதீர்கள், அது அலமாரியில் தனியாக இருக்கட்டும்.