முள் நடுவுக்கு வரமாட்டேங்குது: தெர்மோஸ்டாட்டும் மைலேஜும், கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து மைலேஜ் குறைகிறது என்று வந்த கேள்விகளில், எஞ்சின் சூட்டோடு சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துப் பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு: அண்ணா, ஏழு வருஷப் பெட்ரோல் கார். லிட்டருக்கு 18 கொடுத்தது, இப்போ 14. டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நிற்குது. ஹைவேயில் போனா இன்னும் இறங்குது. இன்ஜெக்டர் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். மாத்தலாமா?

இப்போதைக்கு இன்ஜெக்டரில் கை வைக்க விடாதீங்க தம்பி. ஹைவேயில் காற்று அடித்தால் முள் இறங்குவதும், சந்தை நெரிசலில் நின்றால் ஏறுவதும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டதற்கான அடையாளம். நல்ல வண்டியில் முள் நடுவுக்கு வந்தால் அங்கேயே நிற்கும்.

தெர்மோஸ்டாட் ஒரு சின்ன வால்வு. உள்ளே மெழுகு இருக்கும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) 82 முதல் 88 டிகிரி வரை சூடானதும் (வண்டிக்கு வண்டி மாறும்) மெழுகு உருகிப் பருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வால்வு மூடாமல் போனால் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வரும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டி விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து வண்டியில் சோக்கை இழுத்துவிட்டு உள்ளே தள்ள மறந்த கதைதான். ஆயிலும் கெட்டியாகவே இருப்பதால் எஞ்சின் சுற்றவே கூடுதல் பலம் வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்தில் இருக்கும், கை பத்திரம், வேட்டி துண்டு தொங்கக் கூடாது. முள் ஏறும்வரை ஹோஸ் ஜில்லென்று இருந்து, அப்புறம் சட்டென்று சுட்டால் வால்வு நன்றாக இருக்கிறது. முதல் நிமிஷத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு திறந்து கிடக்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் இதே சோதனையைக் கீழ் ஹோஸில் செய்ய வேண்டும். இது தெரியாமல் நல்ல தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஆனால் 18 இறங்கி 14 ஆனதற்கு இது ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நம்ம ஊர் வெயிலில் இதனால் வரும் நஷ்டம் குளிர்நாட்டு அளவுக்கு இருக்காது. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்குத்தான் பெரிதாகத் தெரியும். முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மிச்சத்தை அப்புறம் தேடலாம்.

கிருஷ்ணகிரி: சார், நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்லைன்னு ஒருத்தர் கழற்றி விட்டுட்டார். வண்டி கூலாத்தான் ஓடுது. அப்படியே விட்டுடலாமா?

கூடாது சார். "கூலா ஓடுது" என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வரும். எஞ்சின் 90 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் சரியாக எரியாமல் வழிந்து ஆயிலோடு கலக்கும், தேய்மானம் கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது பைபாஸை (ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் வழி) அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாது. சமவெளியில் கூலாக ஓடிய அதே வண்டி ஏற்றத்தில் கொதிக்கும். புதிதாக ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

ஓசூர்: என் காரில் முள்ளே கிடையாது, எஞ்சின் ஆறியிருந்தால் எரியும் நீல விளக்கு மட்டும்தான். எப்படிக் கண்டுபிடிப்பது?

நீல விளக்கு அணைய முன்பைவிட நேரமெடுக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் ஊரில் இன்னொரு வசதி, மார்கழி, தை காலையில் ஹீட்டர் போடுகிறவர்கள் நீங்கள். நன்றாக ஓடி வந்த பிறகும் ஹீட்டரில் வெதுவெதுப்புத்தான் வந்தால் சந்தேகப்படலாம்.

உறுதியாகத் தெரிய ஓபிடி ஸ்கேனர் வாங்குங்கள். பிஎஸ்-4, பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதிகள்) கார்களில் ஸ்டியரிங் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட் எத்தனை டிகிரி என்று செல்போனிலேயே தெரியும். 70-ஐத் தாண்டவே திணறினால் தெர்மோஸ்டாட். பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்தாலும் பெரும்பாலும் அதுதான், ஆனால் கூலன்ட் குறைந்தாலும் அந்தக் குறியீடு வரலாம், லெவலைப் பார்த்துவிடுங்கள்.

சென்சாரே பொய் சொல்கிறதா என்றும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 காட்டினால் சென்சாரோ அதன் வயரோ போய்விட்டது, தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டாம்.

தருமபுரி: தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். உண்மையா அண்ணா?

பொய், அதோடு உயிருக்கும் ஆபத்து. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும், எரிபொருள் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் ஐடிலில் ஓட எரிபொருள் வேண்டும். எஞ்சின் பிரேக்கிங்கும் போய், மொத்த பாரமும் பிரேக் மேல் விழுந்து சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். அந்தக் கணவாயில் நடந்த விபத்துகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அந்த இறக்கம் நல்ல இடம். சேலம் பக்கம் கியரில் இறங்கும்போது நல்ல வால்வு மூடிக்கொண்டு சூட்டைப் பிடித்து வைக்கும். திறந்து கிடப்பதென்றால் எண் சரசரவென்று இறங்கும். ஸ்கேனரைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும்.

பென்னாகரம்: கழற்றிய தெர்மோஸ்டாட் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

ஆறிய நிலையிலேயே இடுக்குத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். மூடியிருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், அடியைத் தொடக் கூடாது. அதன் மேல் அச்சிட்ட டிகிரிக்குப் பக்கத்தில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும், வெளியே எடுத்தால் மூட வேண்டும். சமையல் பாத்திரம் வேண்டாம், கூலன்ட் விஷம். மாட்டும்போது கேஸ்கெட் புதிது போடுங்கள். சின்ன ஊசித் துளை இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

காரிமங்கலம்: ரேடியேட்டருக்குப் போர் தண்ணியே ஊத்தலாமா?

வேண்டாம். உப்புப் படிந்து வால்வு மாட்டிக்கொள்ளும், ரேடியேட்டரும் அடைத்துக்கொள்ளும். நம்ம பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டருக்கு மட்டும் அதே நீரா? டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி.

அரூர்: முள் நடுவில் சரியாக நிற்கிறது. மைலேஜ் மட்டும் குறைவு.

அப்படியானால் தெர்மோஸ்டாட்டை விட்டுவிடுங்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள், மீட்டர் காட்டுவதை நம்ப வேண்டாம். டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஓட்டி நிறுத்தியதும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா (பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது) என்று பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலில் சக்தி குறைவு, அதனால் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

ஓசூர்: பிஎஸ்-6 டீசல். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது, மைலேஜும் போச்சு. இதற்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. டிபிஎஃப் என்பது டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர். அதில் சேர்ந்த கரியை எரிக்க வண்டி தானாகவே கூடுதல் டீசல் செலவழிக்கும். எஞ்சின் போதுமான சூட்டுக்கு வராவிட்டால் அந்த வேலையைத் தொடங்காது, தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடும். டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பெரிய தொகை கேட்டால், கூலன்ட் எத்தனை டிகிரி வருகிறது என்று முதலில் ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமல் பில் போடுகிறவரிடம் வண்டியை விடாதீங்க.