தொலைக்காட்சி முழுவதும் அரசின் கையில் இருந்த காலம் எப்படி இருந்தது?

1984 அக்டோபர் 31 அன்று எனக்குப் பதினோரு வயது. சென்னையில் எங்கள் பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். வழியெல்லாம் கடைகளின் கதவுகள் இறங்கிக்கொண்டிருந்தன. இந்திரா காந்தியைக் காலை ஒன்பதரை மணிக்கு முன்பே சுட்டுவிட்டார்கள். அவர் இறந்துவிட்டதை பிபிசி பிற்பகலிலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே வழியில் பிபிசி வானொலியைத்தான் கேட்டார். தூர்தர்ஷன் மாலையில்தான் வாய் திறந்தது. பக்கத்து வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் செய்தி முன்னமே தெரியும். ஆனாலும் அரசு சொல்லும்வரை யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை. அந்த அமைதியை நான் மறக்கவில்லை. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் அதுதான்.

ஏன் அப்படி இருந்தது என்பதற்கு 1885-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் தந்திச் சட்டம், தந்தி நடத்தும் தனியுரிமையை அரசுக்குக் கொடுத்தது. வானொலியும் பிறகு தொலைக்காட்சியும் அதே சட்டத்தின் நிழலுக்குள் வந்தன. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் யுனெஸ்கோ உதவியுடன் சோதனை ஒளிபரப்பு தொடங்கியபோது, தொலைக்காட்சி என்பது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு மட்டுமே. ஒலிபரப்புத் துறையை ஆராய அரசு அமைத்த, ஏ.கே. சந்தா என்பவர் தலைமையிலான குழு 1966-இலேயே வானொலியையும் தொலைக்காட்சியையும் பிரித்து இரண்டு தன்னாட்சிக் கழகங்களாக்கச் சொன்னது. பத்தாண்டு கழித்து, 1976 ஏப்ரலில் பிரித்தார்கள். தன்னாட்சியை மட்டும் தரவில்லை. இரண்டும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இருந்தன.

சென்னை நிலையம் பிறந்த நாளைப் பாருங்கள்: 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செய்தித்தாள்களுக்குத் தணிக்கை வந்த நாள்கள் அவை. தொலைக்காட்சிக்குத் தனியாகத் தணிக்கை அதிகாரி தேவைப்படவில்லை. அதை நடத்தியதே அரசுதானே.

ஆனால் அந்தக் காலத்தை முழுவதும் இருட்டாகச் சொன்னால் அநியாயம். அதே 1975 ஆகஸ்டில், நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு வேளாண்மையும் உடல்நலமும் பள்ளிப் பாடமும் காட்டினார்கள். லாபம் பார்க்கும் எந்த நிறுவனம் அதைச் செய்திருக்கும்? எங்கள் வீட்டில் 'வயலும் வாழ்வும்' ஓடும்போது, உழவே அறியாத என் பாட்டி நெற்பயிருக்கு வரும் நோய்களைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருந்தார். திரைப்பாடல் நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' வந்தால் தெரு வெறிச்சோடும். பாதியில் படம் நின்று 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்தாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

ஆகவே என் கோபம் அரசு தொலைக்காட்சி நடத்தியதன்மேல் இல்லை. செய்தியை விட்டுக்கொடுக்க எந்தக் கட்சிக்கும் மனம் வராததன்மேல்தான். ஜனதா ஆட்சியில் பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-இல் தன்னாட்சி அறக்கட்டளை ஒன்றைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு வந்த மசோதா ஆட்சியோடு சேர்ந்து கவிழ்ந்தது. வானொலியையும் தூர்தர்ஷனையும் தன்னாட்சி அமைப்பின் கீழ் கொண்டுவரும் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறியும் 1997 வரை நடைமுறைக்கு வராமல் கிடந்தது.

அதற்குள் வானம் கைமாறிவிட்டது. 1991 வளைகுடாப் போரை அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சியான சிஎன்என் நேரடியாகக் காட்டியது. 1993-இல் சன் டிவி வந்தது. அதே ஆண்டு கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைக்காக வங்காள கிரிக்கெட் சங்கம் தொடங்கிய வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. ஏகபோக உரிமையின் அடித்தளம் அன்று உடைந்தது.

தன்னாட்சி என்று பெயர் வந்தபின்னும், ஒரு விஷயத்தை ஒளிபரப்பவோ ஒளிபரப்பாமல் விடவோ ஆணையிட மத்திய அரசுக்கு பிரசார் பாரதி சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணங்களும் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பிரிவை முதன்முதலில் படித்தபோது, பக்கத்து வீட்டுக் கூடத்தில் வாய் மூடி உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர்களின் முகங்கள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன.