இரண்டு மருத்துவர்கள், இரண்டு நோய்ப் பெயர்கள்: எதை நம்புவது?

கேள்வி: என் தாயாருக்கு வயது 76. அதிகம் படித்தவர் அல்லர். ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் பல ஆண்டுகளாக உண்டு. இப்போது மறதி கூடிவருகிறது. ஒரு மருத்துவர் அல்சைமர் என்றார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பழைய சிறு அடைப்புகளைக் கண்ட மற்றொருவர், ரத்தக்குழாய் பாதிப்பால் வந்த டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் குன்றிவரும் நிலை) என்கிறார். யார் சொல்வது சரி? நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். முதிய வயதில் டிமென்ஷியாவுக்கு ஒரே ஒரு நோய் மட்டும் காரணமாக அமைவது, பலரும் நினைப்பதுபோல அவ்வளவு வழக்கமானதன்று. இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குத் தர இசைந்த முதியவர்களை சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகம் 1990களிலிருந்து தொடர்ந்து கவனித்துவருகிறது. டிமென்ஷியா இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகள் அங்கே காணப்பட்டன: அல்சைமருக்குரிய அமிலாய்டு, டௌ புரதப் படிவுகள், ரத்த ஓட்டம் தடைப்பட்டதால் விழுந்த தழும்புகள், நரம்பணுக்களுக்குள் சேரும் புரதக் கட்டிகளான லூயி திரள்கள் ஆகியவை வெவ்வேறு விதமாகச் சேர்ந்திருந்தன.

இவை சேரும்போது என்ன நேர்கிறது என்பதை, அமெரிக்கக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளிடம் டேவிட் ஸ்னோடன் நடத்திய ஆய்வு 1997-இல் தெளிவாகக் காட்டியது. அல்சைமர் படிவுகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தவர்களுக்குள்ளும், மூளையின் ஆழ்பகுதியில் ஓரிரு சிறு அடைப்புகள் கூடுதலாக இருந்தவர்களிடம் டிமென்ஷியா மிக அதிகமாகக் காணப்பட்டது. படிவுகளை மட்டும் தாங்கிக்கொண்டிருந்த மூளை, அடைப்புகளும் சேர்ந்தபோது தாக்குப்பிடிக்கவில்லை என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே உங்கள் தாயாரின் ஸ்கேனில் உள்ள சிறு அடைப்புகளை, வயதானால் இருக்கக்கூடியவைதாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்துறையின் ஆய்வுகள் நெடுங்காலம் நன்கு படித்த வெள்ளையரிடமே பெரும்பாலும் நடந்தன. பிற சமூகத்தினரைச் சேர்த்துப் பார்த்தபோது படம் மாறியது. அல்சைமர் என்று கண்டறியப்பட்டிருந்த கறுப்பின அமெரிக்கர்களின் மூளையில் கலப்புப் பாதிப்புகள் வெள்ளையரிடம் இருந்ததைவிட அதிகம் என 2015-இல் வெளியான ரஷ் ஆய்வொன்று கண்டது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணு வகையும் எல்லா மக்களிடத்தும் ஒரே வலிமையோடு செயல்படுவதில்லை. வழக்கமான நினைவாற்றல் தேர்வுகளின் மதிப்பெண் கல்வியையும் மொழியையும் பொறுத்து மாறும். பள்ளிப்படிப்பு குறைந்த ஒருவர் வாங்கும் குறைந்த மதிப்பெண்ணை அப்படியே நோயின் அளவாகக் கொள்வது தவறு. தேர்வு அவருடைய தாய்மொழியில்தான் நடந்ததா என்று கேளுங்கள். அன்றாட வேலைகளில் முன்பு அவரால் முடிந்து இப்போது முடியாதவை எவை என்று நீங்கள் எழுதிக் கொண்டுபோகும் பட்டியல், என் கருத்தில், அந்த மதிப்பெண்ணைவிடப் பயனுள்ளது.

அடுத்து, எதைத் திருத்த முடியும் என்று பாருங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, செவித்திறன் இழப்பு, மயக்கம் தரும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் சிறுநீர்ப்பை மாத்திரைகளும் மறதியை மோசமாக்கக்கூடியவை. இவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது மேலும் அடைப்புகள் வராமல் தடுக்க உதவும். ஆனால் இந்த வயதில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் அளவுக்கு அழுத்தம் குறைவதும் ஆபத்து என்பதால், இலக்கை மருத்துவரே குறிக்கட்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, டோனெபெசில் போன்றவை கலப்பு வகையிலும் ஓரளவு பயன் தரலாம், நோயைக் குணப்படுத்தா. அமிலாய்டை நீக்கும் லெக்கனமாப் போன்ற புதிய ஊசிகள், நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கே உரியவை. மூளைக்குள் வீக்கமோ ரத்தக்கசிவோ உண்டாக்கக்கூடியவை என்பதால், ஸ்கேனில் ஏற்கெனவே பல நுண்கசிவுகள் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது, உறக்கத்தில் கைகால்களை வீசுவது, நடை தளர்ந்து உடல் விறைப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் லூயி திரள்களும் சேர்ந்திருக்கலாம். அந்நிலையில் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கடுமையான தீங்கு விளைவிக்கக்கூடும். எனவே இரவுக் குழப்பத்துக்காக யாரேனும் புதிய மாத்திரை எழுதித்தரும் முன்பே இந்த அறிகுறிகளை அவரிடம் சொல்லிவிடுங்கள்.