டியூபாவும் பஞ்சமமும் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் இங்கே ஒரு பேண்டு செட்டில் மூன்று வருடமாக டியூபா (அடி ஸ்வரம் ஊதும் பெரிய பித்தளைக் குழல்) வாசிக்கிறான். "எல்லாப் பாட்டுக்கும் ச-ப, ச-ப என்று ஊத நான் எதற்கு?" என்று இப்போது ட்ரம்பெட்டுக்கு மாறப் பார்க்கிறான். வெயிலில் ஊர்வலம் போனால் சுருதி ஏறிவிடுகிறது என்று மாஸ்டரிடம் திட்டும் வாங்குகிறான். மாறலாமா? இதில் கலை என்று ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

மாற வேண்டாம் என்பேன். ஆனால் உங்கள் மகன் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ச-ப பல இடங்களில் தப்பும்கூட. ஹிந்தோள ராகத்தில் பஞ்சமமே, அதாவது 'ப'வே, கிடையாது. ஸ்ரீரஞ்சனியிலும் கிடையாது. மேலே கிளாரினெட் ராகத்தைச் சுத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழே டியூபா பழக்கதோஷத்தில் 'ப' போட்டால் கேட்பவருக்கு என்னவோ நெருடும். எங்கிருந்து நெருடுகிறது என்று மட்டும் தெரியாது. அங்கே ச-ம தான் போகவேண்டும். பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்து அடி ஸ்வரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்த வாத்தியத்தின் கலை பெரும்பாலும் இருக்கிறது.

அந்த 'ப' சுருதியில் நிற்பதும் லேசில்லை. பி பிளாட் டியூபாவின் குழாய் சுமார் 5.5 மீட்டர். வால்வு எதையும் அழுத்தாமல் வரும் திறந்த ஸ்வரத்தை 'ச' என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கீழே உள்ள மந்திர பஞ்சமத்துக்குக் குழாய் 1.84 மீட்டர் கூட வேண்டும். வால்வை அழுத்தினால் அதற்குரிய கூடுதல் குழாய் சேரும்; ஒன்றாவது, மூன்றாவது வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் கணக்குப்படி 1.71 மீட்டர்தான் கிடைக்கும். அந்த 13 சென்டிமீட்டர் குறைவதால் ஸ்வரம் ஏறும். மூன்றாவது வால்வின் குழாயைச் சற்று நீளமாக வைத்து இதில் ஒரு பங்கைச் சரிக்கட்டியிருப்பார்கள். மீதிக்கு வாசிப்பவர்தான் ஸ்லைடை (நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் நகரும் குழாயை) இழுக்கவேண்டும். நான்காவது வால்வு இருந்தால் அதை மட்டும் அழுத்தினால் போதும். பேண்டு வாத்தியங்கள் செய்யும் மீரட்டிலிருந்து புதிதாக வரவழைக்கும் எண்ணம் இருந்தால், மினுமினுப்பைப் பார்க்காமல் நாலு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் சுருதி ஏறுவது பையனின் குற்றமல்ல. குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் சுருதி அரை ஸ்வர இடைவெளியில் கால் பங்குக்குச் சற்று மேலாக உயரும். எல்லாக் குழல்களும் ஏறத்தான் செய்யும், ஆனால் ஒரே அளவில் அல்ல. சின்னக் குழல் ஊதுபவரின் மூச்சுச் சூட்டிலேயே இருக்கும். டியூபா வெளிக்காற்றின் சூட்டோடு போகும். கூடவே கீபோர்டு இருந்தால் அது துளியும் நகராது. பந்தல் நிழலில் சுருதி சேர்த்துவிட்டுச் சித்திரை வெயிலில் இறங்குவதுதான் வழக்கமான தவறு. வெயிலில் பத்து நிமிஷம் ஊதிய பிறகு சேர்க்கவேண்டும். 10 டிகிரிக்கு மெயின் ஸ்லைடை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வெளியே இழுக்கவேண்டியிருக்கும். ஸ்லைடு இறுகிக் கிடந்தால் இது நடக்காது. வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். அது பித்தளையில் பச்சைக் களிம்பைத்தான் கொண்டுவரும். குடம் துலக்குவதுபோலப் புளி போடுவதும் கூடாது. வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

ஊர்வலத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. முன்வரிசை கிளாரினெட் 10 மீட்டர் தள்ளிப் போனால் அதன் சத்தம் வந்துசேர 0.03 நொடி ஆகும். அதைக் கேட்டு ஊதினால் அப்போதே தாமதம். கீழ் ஸ்வரம் குழாயில் திரண்டு எழவும் நேரம் பிடிக்கும். ஆகவே காதை நம்பாமல் பெரிய டிரம் அடிப்பவரின் கையைப் பார்த்து, ஒரு இம்மி முந்தி ஊதவேண்டும். மாசி வீதி முனையில் வரிசை வளையும்போது அந்தக் கையும் மறைந்துவிடும். அனுபவசாலிகள் திருப்பத்தில் ஸ்வரங்களைக் குறைத்து, தாளத்தின் முதல் அடியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.

மூச்சு விஷயத்தில் நாகஸ்வரப் பழக்கம் உதவாது. அங்கே சீவாளி வழியே கொஞ்சம் காற்று, அழுத்தம் அதிகம். இங்கே அழுத்தம் குறைவு, காற்று ஏராளம். விடாமல் ஊதித் தலைசுற்றுகிறது என்றால் மூச்சு அளவுக்கு மீறி ஓடி, உடம்பின் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டது என்று பொருள். உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விட்டால் சரியாகிவிடும்.

மேலைநாட்டு ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக ஒரே ஒரு டியூபாதான். 1893இல் நியூயார்க்கில் முதலில் வாசிக்கப்பட்ட செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பனி சுமார் 40 நிமிஷம் ஓடும். அதில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டும் 14 ஸ்வரங்கள். அதற்காக ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு மேடையில் காத்திருக்கிறார். அப்படியான வேலை இங்கே அபூர்வம். முகூர்த்த நாட்கள், தேவாலயத் திருவிழாக்கள், முயன்றால் போலீஸ், ராணுவ பேண்டுகள், இவ்வளவுதான். ட்ரம்பெட்டுக்கும் இதே கதிதான், போட்டிதான் கூடுதல்.

அடுத்த ஹிந்தோளப் பாட்டுக்கு ச-ம வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.