இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே வேல்ஸ்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

போன வாரம் போகிறபோக்கில் சுரங்கத் தொழிலாளிகளின் நூலகம் பற்றி ஒரு வரி சொல்லப்போய், "அந்தக் காலத்து வேல்ஸ் பற்றி உட்கார்ந்து சொல்லுங்கள்" என்று பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. 80களில் தெற்கு வேல்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ராத்திரி டியூட்டியில், நுரையீரல் முழுக்கக் கரித்தூளோடு தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கதை கேட்டதில் ஆரம்பித்த பைத்தியம் இது, இன்னும் விடவில்லை. கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி (காவேரிக்கரை): அடிப்படையிலிருந்து வாங்க சார். வேல்ஸ் தனி நாடா, இங்கிலாந்தின் ஒரு மாகாணமா?

1536இல் சட்டம் போட்டு இங்கிலாந்தோடு சேர்த்துக்கொண்டார்கள். இந்த வருஷத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். நாம் பேசும் காலத்தில் அதற்குத் தனிப் பாராளுமன்றமும் கிடையாது, தலைநகர் என்று அறிவிக்கப்பட்ட ஊரும் கிடையாது. ஆனால் தனி மொழி இருந்தது. 1921 கணக்கெடுப்பில் சுமார் 9 லட்சத்து 22 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்கு 37 பேர், வெல்ஷ் பேசினார்கள். 1911இல் அது 43க்கு மேல். அந்த இறக்கம்தான் அந்தத் தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்தது. இன்னொன்று, மக்களில் பெரும்பாலோர் ஆங்கிலிகன் சபைக்கு வெளியே, 'சேப்பல்' என்று சொல்லும் தனித் தேவாலயங்களைச் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் ஆங்கிலிகன் சபைதான் அரசுத் திருச்சபையாக இருந்தது. பல பத்தாண்டு சண்டைக்குப் பிறகு 1920இல் அந்த அந்தஸ்து போனது. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தபோது அதைக் கொண்டாட யாருக்கும் தெம்பில்லை. போர் முடிந்து பையன்கள் பல பேர் திரும்பாத நேரம்.

கேள்வி (ரயில்ரசிகன்): நிலக்கரி அவ்வளவு பெரிய தொழிலாக இருந்தும் எப்படி அப்படிச் சரிந்தது?

1920இல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். 1936க்கு வந்தால் 1 லட்சத்து 26 ஆயிரம் சொச்சம். அங்கே கரி பெரும்பாலும் ஏற்றுமதிக்கு, கப்பல் பாய்லருக்கு. போருக்குப் பிறகு கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. தோற்ற ஜெர்மனி இழப்பீடாகக் கரியையே கொடுத்தது, அதனால் பிரான்ஸ் மாதிரி பழைய வாடிக்கையாளர்கள் கைவிட்டார்கள். 1923இல் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் நுழைந்து அங்கே உற்பத்தி நின்றபோது மட்டும் கொஞ்ச நாள் வேல்ஸுக்கு யோகம் அடித்தது. 1925இல் சர்ச்சில் நிதியமைச்சராக இருந்து பவுண்டைப் பழைய தங்க மதிப்பிலேயே கட்டிப்போட்டார், வெல்ஷ் கரி வெளிநாட்டில் விலை ஏறிப்போனது. முதலாளிகள் உடனே கூலியைக் குறை, நேரத்தைக் கூட்டு என்றார்கள். 1926 மே மாதம் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்துவிட்டது, சுரங்கக்காரர்கள் மட்டும் அந்த வருஷக் கடைசி வரை பட்டினியோடு நின்றார்கள். அப்புறம் தோற்றுப்போய் குறைந்த கூலிக்கே இறங்கினார்கள்.

அந்தக் கோடையைப் பற்றி ஒரு நோயாளி சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு அப்போது எட்டு வயது. பொதுச் சமையலறையில் சாப்பாடு, பகலெல்லாம் வெயில், அப்பாக்கள் எல்லாம் முதல்தடவையாகப் பகலில் வீட்டில். தெருவுக்குத் தெரு 'காசூக்கா' என்ற தகர ஊதுகுழலோடு ஒரு பேண்டு, கிழிந்த திரைத் துணியில் தைத்த வேஷம், ஊருக்கு ஊர் போட்டி. "என் வாழ்க்கையிலேயே நல்ல லீவு அதுதான், அம்மாவுக்கு மட்டும் இல்லை" என்றார்.

கேள்வி (புத்தகப்புழு): நூலகக் கதைக்கு வாங்க. நீங்கள் ஆரம்பித்ததே அதில்தானே?

ஆமாம், எனக்கும் அதுதான் வெல்லம். ஒவ்வொரு பள்ளத்தாக்கு ஊரிலும் தொழிலாளர் மன்றம் என்று ஒரு கட்டடம் இருக்கும். வாசிப்பறை, நூலகம், பில்லியர்ட்ஸ் மேஜை, மேலே நாடக மேடை அல்லது சினிமா. எல்லாம் வாராவாரம் கூலியில் பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று பிடித்துக் கட்டியது. 30களில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருந்தன. டிரெடீகர் ஊர் மன்றத்தில் புத்தகம் வாங்கும் குழுவைக் கவனித்துக்கொண்டவர் அனைரின் பெவன். 13 வயதில் சுரங்கத்துக்குப் போனவர், திக்குவாய் வேறு, அதை வெல்வதற்கே அகராதியைப் புரட்டினார் என்பார்கள். அந்த நூலகத்தில் படித்த ஆள்தான் 1929இல் எம்.பி. ஆனார். அதே ஊரில் அதே பென்னிக் கணக்கில் ஓடிய ஒரு மருத்துவ உதவிச் சங்கமும் இருந்தது: சந்தா கட்டினால் டாக்டர், மருந்து, கண்ணாடி எல்லாம். பின்னாளில் சுகாதார அமைச்சராகி 1948இல் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்த மாதிரி அந்தச் சங்கம்தான். அந்தச் சேவையில்தான் நான் சம்பளம் வாங்கினேன், ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை.

சுரங்கங்கள் மூடியபோது இந்த நூலகங்களில் பல சிதறிப்போயின, மிஞ்சியதைச் சேகரித்து 1973இல் சுவான்சியில் ஒரு நூலகம் வைத்தார்கள். அங்கே போய் அலமாரியிலிருந்து மார்க்ஸ் புத்தகம் ஒன்றை எடுத்தேன், ஓரத்தில் கட்டைவிரல் கறுப்பு. துடைத்தால் போகாது.

கேள்வி (நெல்லைக்காரன்): எல்லாரும் சொல்லும் அந்தத் தீ வைப்பு வழக்கு என்ன? சாண்டர்ஸ் லூயிஸ் யார்?

இது எப்படியும் வரும் என்று தெரியும். சரி.

1925 ஆகஸ்டில் புல்ஹெலி ஊரில் தேசிய ஐஸ்டெத்வொட், அதாவது வருடாந்தரக் கவிதை-இசைத் திருவிழா, நடந்துகொண்டிருந்தபோது, மது விற்காத ஒரு விடுதி அறையில் ஆறு பேர் கூடி ஒரு வெல்ஷ் தேசியக் கட்சி ஆரம்பித்தார்கள். இன்று ப்ளைட் கம்ரி என்று வழங்குவது அதுதான். 1929இல் முதல் தேர்தல், ஒரே வேட்பாளர், 609 ஓட்டு. தலைவர் சாண்டர்ஸ் லூயிஸ் இங்கிலாந்துப் பக்கம் பிறந்தவர், போரில் சண்டை போட்டவர், சுவான்சி பல்கலைக்கழகக் கல்லூரியில் வெல்ஷ் இலக்கிய ஆசிரியர், நாடகாசிரியர்.

30களின் நடுவில் விமானப் படை குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இடம் தேடியது. இங்கிலாந்தில் பார்த்த இடங்களில் பறவைகளுக்கு ஆபத்து என்று ஆட்சேபம் வந்ததும் விட்டுவிட்டார்கள். வடமேற்கு வேல்ஸில், பெரும்பாலும் வெல்ஷ் பேசும் தீபகற்பத்தில், பெனிபெர்த் என்ற பழைய பண்ணை வீடு இருந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தபோது மட்டும் எந்த எதிர்ப்பும் காதில் ஏறவில்லை. பிரதமர் பால்ட்வின் தூதுக்குழுவைச் சந்திக்கவே மறுத்தார். 1936 செப்டம்பர் 8 அதிகாலை சாண்டர்ஸ் லூயிஸ், பாப்டிஸ்ட் பாதிரியார் லூயிஸ் வாலன்டைன், பள்ளி வாத்தியார் டி. ஜே. வில்லியம்ஸ் மூவரும் அங்கிருந்த கொட்டகைகளுக்கும் மரக்கட்டைகளுக்கும் தீ வைத்துவிட்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் 'நாங்கள்தான்' என்று கடிதம் கொடுத்தார்கள். 1536க்குச் சரியாக 400 வருஷம். தற்செயல் இல்லை.

கர்னார்வன் நீதிமன்றத்தில் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அரசாங்கம் வழக்கை லண்டனுக்கு மாற்றியது, அங்கே தலைக்கு ஒன்பது மாதம் சிறை. வேல்ஸில் கோபம் பற்றியது தீக்காக இல்லை, இந்த இடமாற்றத்துக்காக. தண்டனைக்கு முன்பே கல்லூரி லூயிஸை வேலையிலிருந்து நீக்கியது. மற்ற இருவரையும் அவரவர் பள்ளியும் சேப்பலும் திரும்ப ஏற்றுக்கொண்டன. பயிற்சித் தளம் என்னவோ திட்டமிட்டபடி கட்டி முடிக்கப்பட்டது.

கேள்வி (சந்தேகப்பிராணி): அந்த லூயிஸ் வலதுசாரி என்றும் ஒரு பேச்சு உண்டே? மழுப்பாமல் சொல்லவும்.

மழுப்பவில்லை. 1932இல் கத்தோலிக்கராக மாறினார், சேப்பல் நாட்டில் அதுவே பாதிப் பேருக்குக் கசப்பு. பிரெஞ்சு வலதுசாரி எழுத்தாளர்கள்மேல் ஈர்ப்பு இருந்தது. எல்லாவற்றையும்விட, தெற்கு வேல்ஸிலிருந்து தொழிற்சாலைகளையே அகற்றி மக்களை விவசாயத்துக்குத் திருப்ப வேண்டும் என்று 1934இல் கொள்கையாகவே எழுதினார். மெர்தர் ஊரில் இன்ஷூரன்ஸ் உள்ள தொழிலாளரில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் நிற்கும்போது அவனிடம் போய் 'மண்வெட்டி எடு' என்றால் யார் ஓட்டுப் போடுவார்கள்? அந்தப் பள்ளத்தாக்குகள் லேபர் கட்சிக்கும், சில ஊர்கள் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் போனதில் ஆச்சரியமே இல்லை. நல்ல நாடகாசிரியர், மோசமான பொருளாதார நிபுணர் என்பது என் கணக்கு.

கேள்வி (அம்முக்குட்டி): அண்ணா, பெண்களே வரவில்லையே இதுவரை?

என் தப்புதான் தங்கச்சி. 1923இல் வெல்ஷ் பெண்கள் வீடு வீடாகப் போய், அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சேர வேண்டும், இனிப் போர் வேண்டாம் என்று அமெரிக்கப் பெண்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 3,90,296 கையெழுத்து. மொத்த மக்கள்தொகையே 27 லட்சத்துக்குள் இருந்த இடத்தில்! இதில் 30 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அப்போது ஓட்டே கிடையாது, 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாள்களை ஓக் மரப் பெட்டியில் போட்டு, ஆனி ஹியூஸ் கிரிஃபித்ஸ் தலைமையில் கப்பலேறி 1924 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்படைத்தார்கள், அதிபர் கூலிட்ஜையும் பார்த்தார்கள். அமெரிக்கா சேரவில்லை. பெட்டி ஒரு அருங்காட்சியகத்தில் கிடந்தது, ஊரிலேயே மறந்துபோனார்கள். 2023இல்தான் அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்துக்குத் திரும்பி வந்தது. இப்போது பேரன் பேத்திகள் பாட்டியின் கையெழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி (டீச்சரம்மா): மொழியைக் காப்பாற்றப் பள்ளிகளில் ஏதாவது செய்தார்களா?

அம்மா, தீ வைத்த கதையை விட எனக்கு இதுதான் பெரிய கதை. ஓவன் எம். எட்வர்ட்ஸ் என்பவர் சின்ன வயதில் பள்ளியில் வெல்ஷ் பேசியதற்காகக் கழுத்தில் மரத்துண்டு மாட்டிக்கொண்டு நின்றவர். வளர்ந்து குழந்தைகளுக்கு வெல்ஷ் மாதப் பத்திரிகை நடத்தினார். 1920இல் அவர் இறந்ததும் மகன் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு, 1922இல் அந்தப் பக்கங்களிலேயே 'வெல்ஷ் பேசும் சங்கத்தில் சேருங்கள்' என்று பிள்ளைகளை அழைத்தார். அதுதான் இர்த். 1928இல் முதல் கூடாரமுகாம், 1929இல் குழந்தைகளுக்கென்றே ஓர் ஐஸ்டெத்வொட். 1935இல் கல் உடைக்கும் குவாரிக் குடும்பத்தை வைத்து வெல்ஷ் மொழியின் முதல் பேசும் படத்தையும் அவரே எடுத்து, வண்டியில் புரொஜெக்டரை ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்.

1939 செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆங்கிலக் குழந்தைகள் அபெரிஸ்ட்வித் பள்ளியை நிறைத்ததும், நம் பிள்ளைகளின் மொழி போய்விடும் என்று இர்த் கட்டடத்திலேயே ஒரு சின்னத் தனிப் பள்ளி திறந்தார். டீச்சர் நோரா ஐசக், வயது 24. பிள்ளைகள் 7. அந்த ஏழில் ஒருவர் இவானின் மகன் ஓவன், 1982இல் வெல்ஷ் டி.வி. சேனல் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். கழுத்தில் மரத்துண்டோடு நின்றவரின் பேரன்.

கேள்வி (கோல்போஸ்ட்): கால்பந்தா, ரக்பியா?

இரண்டும். 1927இல் கார்டிஃப் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை ஆர்சனலிடமிருந்து 1-0 என்று பறித்துக்கொண்டு போனது. கோலை விட்ட ஆர்சனல் கீப்பரும் ஒரு வெல்ஷ்காரரே! 1935 டிசம்பரில் ரக்பியில் நியூசிலாந்தை 13-12 என்று வென்றார்கள். ஆனால் வடக்கே கால்பந்து என்றால் எனக்கு ஞாபகம் வருவது வேறு. 1934 செப்டம்பர் 22 சனிக்கிழமை மத்தியானம் மேட்ச் பார்க்க வேண்டும் என்று ரெக்ஸம் பக்கம் கிரெஸ்ஃபோர்ட் சுரங்கத்தில் பலர் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ராத்திரியே இறங்கினார்கள். விடியும் முன் வெடித்தது. 266 பேர் இறந்தார்கள், 11 உடல்கள்தான் மேலே வந்தன. ஷிஃப்டை முழுதாக முடிக்கவில்லை என்று அன்றைய கூலியிலும் பிடித்தம் செய்தார்கள்.

கேள்வி (வடகிழக்கு): இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

காசி மலை. ஷில்லாங் பக்கம் வெல்ஷ் பிரெஸ்பிடீரியன் மிஷன் 1841 முதலே இருந்தது, காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதவைத்தவர்கள் அவர்கள். நாம் பேசும் காலத்தில், 1922இல், டாக்டர் கோர்டன் ராபர்ட்ஸ் அங்கே திறந்த ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.

கேள்வி (மறுபடியும் அம்முக்குட்டி): கார்டிஃபில் ஒரே ஒரு மத்தியானம் இருக்கு அண்ணா. இந்தக் காலத்தைச் சேர்ந்த எதைப் பார்க்கலாம்?

மியூசியத்தில் டேவிஸ் சகோதரிகள் கொடுத்த ரெனுவார், மோனே ஓவியங்களைப் பார். தாத்தா கரியில் சம்பாதித்தது, பேத்திகள் ஓவியமாக்கினார்கள். முடித்துவிட்டு அப்படியே நடந்து சமாதானக் கோயிலுக்குப் போ. வெள்ளைக் கட்டடம், சதுரத் தூண்கள், வாசலில் கூட்டமே இருக்காது. 1938 நவம்பர் 23இல் அதைத் திறக்க ராஜாவையோ மந்திரியையோ கூப்பிடவில்லை. டவுலைஸ் ஊர் மின்னி ஜேம்ஸ் என்ற அம்மா திறந்தார். மூன்று மகன்களை முதல் போரில் இழந்தவர். கீழே நிலவறை ஒன்று உண்டு, அந்தப் போரில் இறந்த வெல்ஷ்காரர்கள் 35,000 பேரின் பெயர் எழுதிய புத்தகத்துக்காகக் கட்டியது. திறந்த பத்தாவது மாதம் அடுத்த போர் தொடங்கிவிட்டது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போ, எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள்.